"சம்பளம் கொடுத்தாச்சே, பேர் எதுக்கு?": ஒரு ஆர்ஏ கேட்ட கேள்விக்கு என் பதில்

கேள்வி சுருக்கமா இதுதான். சிங்கப்பூர்ல ஒரு ஆஸ்பத்திரி ஆராய்ச்சி குரூப்ல ரெண்டு வருஷமா ஆர்ஏவா, அதாவது ரிசர்ச் அசிஸ்டன்ட்டா இருக்கற தங்கச்சி கேட்டிருக்காங்க. ஆபரேஷனுக்கு அப்புறம் கிட்னி பாதிக்கப்படறதைப் பத்தின ஸ்டடி, டேட்டா இங்க ஒரு ஆஸ்பத்திரியிலேர்ந்தும் இந்தியாவுல ஒரு ஆஸ்பத்திரியிலேர்ந்தும் வந்திருக்கு. டேட்டாவை சுத்தம் பண்ணினது, கம்ப்யூட்டர் கோட் எழுதினது, ரெண்டாவது மூணாவது டேபிள், எல்லாப் படமும் போட்டது, மெத்தட்ஸ், அதாவது ஸ்டடியை எப்படி செஞ்சோம்னு சொல்ற பகுதியோட முதல் டிராஃப்ட் எழுதினது எல்லாம் இவங்க. இப்ப பேப்பர்ல ஏழு பேர் இருக்காங்க, முதல் பேர் குரூப்ல இருக்கற போஸ்ட்டாக் (பிஎச்டி முடிச்சுட்டு ஆராய்ச்சி பண்றவர்), இவங்க இல்ல, கடைசியில நன்றி சொல்ற பாராவுல "டேட்டா உதவி"ன்னு ஒரு வரியில வர்றாங்க. ஒரு மீட்டிங்குக்குக்கூட வராத டிபார்ட்மென்ட் ஹெட் ஆறாவது பேரா இருக்காரு. கேட்டதுக்கு பாஸ் சொன்ன பதில், "அதுக்குத்தானே உனக்கு சம்பளம் கொடுக்கறோம்". அடுத்த மாசம் கான்ட்ராக்ட் முடியுது. இது நியாயமா, நான் கேக்கலாமா, எப்படிக் கேக்கறதுன்னு கேட்டிருக்காங்க.

நேரா சொல்லிடறேன். நீங்க சொன்னது சொன்னபடி இருந்தா உங்க பேர் ஆத்தர் லிஸ்ட்ல வரணும், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. முதல் பேரா வரணுமாங்கறது தனிக் கேள்வி, அதுக்கு உங்க பக்கத்தை மட்டும் கேட்டு நான் தீர்ப்பு சொல்ல முடியாது. இந்த ரெண்டையும் ஒண்ணா சேர்த்துக்கிட்டு பாஸ் ரூமுக்குள்ள போனீங்கன்னா ரெண்டும் கைவிட்டுப் போயிடும், அதனால தனித்தனியா பேசுவோம்.

நான் பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ், அதாவது மருத்துவப் புள்ளியியல் வேலையில இருக்கேன், இங்க வந்து 19 வருஷம் ஆச்சு, ஆஸ்பத்திரி ஆராய்ச்சியிலதான் முழுக்க. நிறைய பேப்பர்ல என் பேர் வந்திருக்கு, வரவேண்டிய சிலதுல வரல, வரக்கூடாத ஒண்ணுல வந்திருக்கு, அதையும் கீழ சொல்றேன். அக்கா சொல்றேன்னு எடுத்துக்கங்க.

முதல்ல இந்த சம்பளப் பேச்சு. பேராசிரியருக்கும் மாசம் பொறந்தா சம்பளம் வருது, போஸ்ட்டாக்குக்கும் வருது, அந்த ஹெட்டுக்கு நம்ம எல்லாரையும் விட நிறையவே வருது. சம்பளம் வாங்கினவங்க பேர் போடக்கூடாதுன்னா பேப்பர்ல ஒரு பேரும் மிஞ்சாது. சம்பளம் உழைப்புக்கு. பேர் எதுக்குன்னா, இதுல இந்த இடத்தை யோசிச்சு செஞ்சது நான், நாளைக்கு யாராவது கேட்டா பதில் சொல்ல வேண்டியதும் நான்தான்னு எல்லாருக்கும் தெரியறதுக்கு. இதே நியாயம் நமக்கும் பொருந்தும்ங்கறதையும் சொல்லணும், ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் உக்காந்தேன், சனிக்கிழமையும் வந்தேன்ங்கறது மட்டுமே ஒருத்தரை ஆத்தர் ஆக்கிடாது. ஆயிரம் ஃபார்மை கம்ப்யூட்டர்ல ஏத்தினவங்க, ரத்த சாம்பிளை ஃப்ரீசர்ல அடுக்கி லேபிள் ஒட்டினவங்க, இவங்க இல்லாம ஸ்டடியே இல்ல, அவங்களுக்கு மனசார நன்றி சொல்லணும், ஆனா அந்த வேலை மட்டும்னா வழக்கமான விதிப்படி ஆத்தர்ஷிப் வராது. உங்க கேஸ் அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் நிக்குதுங்கறதுதான் விஷயம்.

மெடிக்கல் பக்கத்துல அந்தக் கோட்டைப் போட்டது ஐசிஎம்ஜேஈ, அதாவது மருத்துவ ஜர்னல் ஆசிரியர்களோட சர்வதேசக் குழு. 1978ல கனடாவோட வான்கூவர்ல சில ஆசிரியர்கள் கூடி, பேப்பரை எந்த வடிவத்துல அனுப்பணும்னு பேசி ஆரம்பிச்சது, அதனால இன்னும் நிறைய பேர் வான்கூவர் குழுன்னே சொல்வாங்க. யார் ஆத்தர்ங்கற விதி 1985ல வந்துச்சு, அப்புறம் பலதடவை மாத்தினாங்க, 2013ல நாலாவது நிபந்தனையை சேர்த்தாங்க. இப்ப நாலும் சேர்ந்து இருக்கணும். ஸ்டடியை யோசிச்சதுல, டிசைன் பண்ணினதுல, இல்ல டேட்டாவை சேகரிச்சது, அலசினது, அர்த்தம் சொன்னது இதுல எதுலயாவது கணிசமான பங்கு. அதோட பேப்பரை எழுதினது, இல்ல விஷயம் புரிஞ்சு கறாரா படிச்சு திருத்தினது. அதோட கடைசி வடிவத்துக்கு சம்மதம். அதோட வேலையோட எந்தப் பகுதியைப் பத்தி கேள்வி வந்தாலும் அது சரியா விசாரிக்கப்படறதுக்கு நான் பொறுப்புன்னு ஒத்துக்கறது.

இங்கதான் உங்கள மாதிரி ஆளுங்கள கழட்டி விடற வழி இருக்கு. முதல் நிபந்தனை உங்ககிட்ட இருக்கு, ஆனா டிராஃப்ட்டை உங்களுக்கு அனுப்பவே மாட்டாங்க, அனுப்பலன்னா நீங்க படிச்சுத் திருத்த முடியாது, கடைசி வடிவத்துக்கு சம்மதம் சொல்ல முடியாது, அப்புறம் "நாலு நிபந்தனையும் பூர்த்தி ஆகலையேம்மா, விதி அப்படி"ன்னு சொல்லிடுவாங்க. பந்தியில இலையே போடாம விட்டுட்டு, நீ சாப்பிடலையேன்னு கேக்கற மாதிரி. நிறைய பேருக்குத் தெரியாதது என்னன்னா, அதே விதியில கொஞ்சம் கீழ ஒரு பாராவுலயே இதுக்கு பதில் இருக்கு. முதல் நிபந்தனைக்குத் தகுதியான எல்லாருக்கும் டிராஃப்ட்டை எழுத, படிக்க, சம்மதம் சொல்ல வாய்ப்பு கொடுக்கணும், அந்த வாய்ப்பை மறுத்து ஒருத்தரை வெளிய தள்ளறதுக்கு இந்த நிபந்தனைகளைப் பயன்படுத்தக்கூடாதுன்னு வெளிப்படையாவே எழுதியிருக்கு. நான் எங்க ஆர்ஏ எல்லாருக்கும் வேலைக்கு சேர்ந்த முதல் வாரமே அந்தப் பாராவை பிரிண்ட் எடுத்துக் கொடுத்துடுவேன். உங்க விஷயத்துல மெத்தட்ஸ் முதல் டிராஃப்ட்டே நீங்க எழுதினதுன்னு சொல்றீங்க, அப்ப ரெண்டாவது நிபந்தனையும் ஏற்கெனவே பாதிக்கு மேல ஆயிடுச்சு.

சரி, முதல் நிபந்தனை உண்மையிலேயே இருக்கா? "டேட்டா க்ளீனிங்"ங்கற வார்த்தை உங்களுக்கு எதிரா வேலை செய்யுது, கேக்கறவங்க காதுல அது துடைப்பம் புடிச்ச வேலை மாதிரி விழுது. உங்க கேள்வியில நடுவுல ஒரு வரி எழுதியிருந்தீங்க, எனக்கு அதுதான் முக்கியமா பட்டுச்சு. இந்தியாவுலேர்ந்து வந்த கிரியேட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டற ரத்தப் பரிசோதனை) ரிசல்ட்ல நேரம் எல்லாம் காலைல ஆறு மணி, சாயங்காலம் நாலு மணின்னு ரெண்டே இடத்துல குவிஞ்சு கிடந்துச்சு, இங்க டேட்டாவுல 7:12, 11:48ன்னு கன்னாபின்னான்னு இருந்துச்சு, நீங்க சந்தேகப்பட்டு அங்க லேபுக்கு போன் போட்டீங்க, அப்பத்தான் அவங்க பதிவு பண்ணினது ரத்தம் எடுத்த நேரம் இல்ல, ரிசல்ட்டை மொத்தமா வெளியிட்ட நேரம்னு தெரிஞ்சுது.

இது சின்ன விஷயம்னு கிட்னி பத்தி தெரியாதவங்கதான் சொல்வாங்க. திடீர் கிட்னி பாதிப்புன்னு ஒருத்தரை வகைப்படுத்த உலகம் முழுக்க வச்சிருக்கற அளவுகோல்ல ஒண்ணு, 48 மணி நேரத்துக்குள்ள கிரியேட்டினின் லிட்டருக்கு 26.5 மைக்ரோமோலாவது ஏறியிருக்கணும்ங்கறது. கடிகாரம் ஒரு பக்கம் ரத்தம் எடுத்தப்ப ஆரம்பிச்சு இன்னொரு பக்கம் ரிசல்ட் வந்தப்ப ஆரம்பிச்சா, 47 மணி நேரத்துல ஏறினவரு 50 மணி ஆயிடுவாரு, பாதிப்பு இருக்கறவரு இல்லாதவர் ஆயிடுவாரு. ரெண்டு நாட்டையும் ஒப்பிடறதுதான் உங்க பேப்பரோட மெயின் விஷயம், அந்த ஒப்பீடே கோணலாப் போயிருக்கும். நீங்க அதைக் கண்டுபிடிச்சதோட நிக்கல, வார்டு நர்ஸ் சார்ட்லேர்ந்து ரத்தம் எடுத்த நேரத்தை எடுத்துக்கலாம், அது இல்லாத நோயாளிகளை தனியா வச்சு திரும்ப ஒருதடவை கணக்குப் போட்டுப் பார்க்கலாம்னு யோசனையும் சொன்னீங்க, குரூப் அதை ஏத்துக்கிட்டுதான் இப்ப இருக்கற ரிசல்ட் வந்திருக்கு. இது துடைக்கற வேலையா? டேட்டாவுக்கு அர்த்தம் சொன்ன வேலை, அனாலிசிஸை மாத்தின வேலை. ரிவ்யூவர், அதாவது ஜர்னலுக்காக பேப்பரைப் படிச்சு கேள்வி கேக்கறவர், நாளைக்கு "ரெண்டு ஆஸ்பத்திரியிலயும் நேரம் ஒரே மாதிரி பதிவாச்சா?"ன்னு கேட்டா அந்த ஏழு பேர்ல யார் பதில் சொல்வாங்க? உங்களுக்குத்தான் போன் வரும். கேள்விக்கு உங்ககிட்ட வரணும்னா பேரும் உங்களுது வரணும்.

நீங்க அதே டேட்டாவுல தேதி ஃபார்மேட்டை மட்டும் சரி பண்ணி, போஸ்ட்டாக் எழுதிக் கொடுத்த கோடை ஓட்டி, அவர் சொன்ன படத்தை அவர் சொன்ன கலர்ல போட்டிருந்தா நான் வேற மாதிரி எழுதியிருப்பேன். ரெண்டுக்கும் வித்தியாசம் மணிக்கணக்குல இல்ல.

எனக்கே நடந்ததைச் சொல்றேன். வேலைக்கு சேர்ந்த ரெண்டாவது வருஷம், ஒரு ஸ்டடியில பாதியில விலகின நோயாளிகளை எப்படிக் கணக்குல எடுத்துக்கறதுன்னு ஆறு வாரம் மண்டையை உடைச்சு மாடல் கட்டிக் கொடுத்தேன். பேப்பர் வந்ததே எனக்குத் தெரியாது. ஒரு கான்ஃபரன்ஸ்ல போஸ்டர் வரிசையில நடந்து போறப்ப நான் போட்ட படம் அங்க தொங்குது, நான் தேர்ந்தெடுத்த அதே சாம்பல் கோடு, அதே புள்ளிக் கோடு, கீழ பொடி எழுத்துல "புள்ளியியல் உதவிக்கு நன்றி"ன்னு போட்டு என் பேரு, அதுவும் ஒரு எழுத்து தப்பு. அந்த இடத்துல நின்னுட்டு இருந்தப்ப வந்த வலி இப்பவும் ஞாபகம் இருக்கு. அப்ப எனக்குத் தெரியாத இன்னொண்ணு, நன்றி பாராவுல ஒருத்தர் பேரைப் போடறதுக்கே அவங்க எழுத்துப்பூர்வ சம்மதம் வாங்கச் சொல்லித்தான் ஐசிஎம்ஜேஈ சொல்லுது, ஏன்னா அதைப் பார்க்கறவங்க இவரும் இந்த முடிவை ஒத்துக்கறாருன்னு நினைப்பாங்க. உங்ககிட்டயும் கேக்காமத்தான் போட்டிருக்காங்கன்னு தெரியுது.

இப்ப அந்த ஹெட். நம்ம ஆசியக் குடும்பங்கள்ல வளர்ந்தவங்களுக்கு இது கஷ்டமான இடம், தமிழர் சீனர் மலாய்க்காரர் யாரா இருந்தாலும் பெரியவங்க பேர் இல்லாம பத்திரிகை அடிக்க மாட்டோம், கல்யாண அழைப்பிதழ்ல தாத்தா பேர் போடற மாதிரி பேப்பர்லயும் போட்டுடறாங்க. ஆனா அழைப்பிதழ்ல தாத்தா எதுக்கும் உத்தரவாதம் கொடுக்கல, பேப்பர்ல கொடுக்கறாரு. நிதி வாங்கிக் கொடுத்தது மட்டும், பொதுவா மேற்பார்வை பண்ணினது மட்டும், டிபார்ட்மென்ட்ல இடம் கொடுத்தது மட்டும்னா ஆத்தர் ஆக முடியாதுன்னு விதி தெளிவாவே சொல்லுது.

பேர் மட்டும் கொடுத்தா என்ன ஆகும்ங்கறதுக்கு பெரிய உதாரணம் 2005ல நடந்துச்சு. தென்கொரியாவோட ஹ்வாங் வூ சுக் குரூப் ஸ்டெம் செல் பத்தி சயன்ஸ் ஜர்னல்ல போட்ட பேப்பர்ல 25 ஆத்தர், கடைசி பேர் அமெரிக்காவுல பிட்ஸ்பர்க் யுனிவர்சிட்டியோட ஜெரால்ட் ஷாட்டன். டேட்டா பொய்ன்னு வெளிய வந்து, 2006 ஜனவரியில ஜர்னல் அதைத் திரும்பப் பெற்றுச்சு. பிட்ஸ்பர்க் விசாரணைக் குழு ஷாட்டன் பொய் டேட்டா தயாரிச்சார்னு சொல்லல, ஆனா சீனியர் ஆத்தரா இருந்துட்டு அந்த இடத்துக்கான பொறுப்பைத் தட்டிக் கழிச்சாருன்னு சொல்லுச்சு. அந்த இடத்துல நிக்கறவரு டேட்டாவைத் தானே பார்த்திருக்கணும்ங்கறதுதான் கேள்வி. 2023லேர்ந்து பெரிய ஜர்னல்கள் எல்லாம் சாட்ஜிபிடி மாதிரி ஏஐயை ஆத்தரா போடக்கூடாதுன்னு சொல்றதுக்கும் இதேதான் காரணம், எவ்வளவு எழுதிக் கொடுத்தாலும் கேள்வி வந்தா அதால பொறுப்பேத்துக்க முடியாது.

வரக்கூடாத பேர்னு மேல சொன்னேனே, அது இதுதான். தெரிஞ்ச டாக்டர் ஒருத்தர் போன்ல சாம்பிள் சைஸ் கேட்டாரு, பத்து நிமிஷம் பேசினேன், நாலாவது ஆத்தரா போட்டுட்டாரு. வேண்டாம்னு சொல்லியிருக்கணும், சொல்லல, அந்த வருஷம் எனக்கு ப்ரொமோஷன் ரிவ்யூ. ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு வாசகர் ஜர்னலுக்கு எழுதினாரு, முதல் டேபிள்ல ஆண்களும் பெண்களும் கூட்டினா மொத்தம் வரலையேன்னு. ஜர்னல் எல்லா ஆத்தருக்கும் மெயில் அனுப்புச்சு. லிஸ்ட்ல ஸ்டாட்டிஸ்டிஷியன் நான் ஒருத்திதான், எல்லாரும் என்னைப் பார்க்கறாங்க, நான் அந்த டேட்டாவைக் கண்ணாலகூட பார்த்ததில்ல. திருத்தம் வெளியாச்சு, அதுலயும் என் பேர் இருக்கு. அதுக்கப்புறம் டேட்டாவைத் திறந்து பார்க்காத எந்தப் பேப்பருக்கும் நான் கையெழுத்துப் போடறதில்ல.

ஆனா தங்கச்சி, ஹெட் பேரை எடுக்கச் சொல்லி நீங்க சண்டைக்குப் போகாதீங்க. அது தப்புங்கறதால சொல்லல, உங்க இடத்துலேர்ந்து அதைத் தொட்டா பேச்சு அங்க திசை திரும்பிடும், உங்க பேர் நடுவுல காணாமப் போயிடும். அவரை எடுக்கறதும் வைக்கறதும் பிஐயோட, அதாவது ஸ்டடியை நடத்தற உங்க பாஸோட கடமை, கரஸ்பாண்டிங் ஆத்தர் (ஜர்னலோட மெயில் போக்குவரத்தைப் பார்க்கறவர்) பதில் சொல்லட்டும்.

வரிசைக்கு வருவோம். இது துறைக்குத் துறை வேற. கணிதம், பொருளாதாரம் இதுல பெரும்பாலும் அகர வரிசை, யார் எவ்வளவு செஞ்சாங்கன்னு வரிசையிலேர்ந்து தெரியாது. பெரிய துகள் இயற்பியல் குரூப்பும் அப்படித்தான், 2015ல ஹிக்ஸ் துகளோட நிறையைப் பத்தி ரெண்டு குரூப் சேர்ந்து போட்ட பேப்பர்ல 5,154 பேர், 33 பக்கத்துல 24 பக்கம் பேர்களும் அவங்க நிறுவனங்களும். அகர வரிசை நியாயமானதுன்னு தோணும், ஆனா அமெரிக்கப் பொருளாதாரத் துறைகளை வச்சு 2006ல வந்த ஒரு ஆய்வு, பேர் அகர வரிசையில முன்னாடி வர்றவங்களுக்கு முன்னணி டிபார்ட்மென்ட்ல நிரந்தர வேலை கிடைக்கற வாய்ப்பு கூடுதலா இருந்துச்சுன்னு காட்டுச்சு.

இதுல நம்ம ஆளுங்களுக்குன்னே ஒரு சிக்கல் இருக்கு. நமக்கு குடும்பப் பேர் கிடையாது, ஐசியில, அதாவது இங்க அடையாள அட்டையில, நம்ம பேருக்கு அப்புறம் எஸ் ஸ்லாஷ் ஓ இல்ல டி ஸ்லாஷ் ஓ போட்டு அப்பா பேர். ஜர்னல் ஃபார்ம் கடைசிப் பேரைக் கேக்குது, நாம அப்பா பேரை எழுதறோம், அப்புறம் உலகம் முழுக்க மேற்கோள் காட்டறப்ப நம்ம உழைப்பு அப்பா பேர்ல போகுது. ஒரு பேப்பர்ல இனிஷியல் முன்னாடி, இன்னொண்ணுல பின்னாடி, தேடற மெஷினுக்கு ரெண்டு ஆளுன்னு தோணும். முதல் பேப்பர் போடறதுக்கு முன்னாடியே எப்படி எழுதறதுன்னு ஒரு முடிவெடுத்து கடைசி வரைக்கும் அதையே வச்சுக்கங்க, ஆராய்ச்சி பண்றவங்க ஒவ்வொருத்தருக்கும் தனியா கொடுக்கற ஆர்கிட் நம்பர் வாங்கிடுங்க, 16 இலக்கம், காசு கிடையாது, 2012லேர்ந்து இருக்கு, பேர் எப்படி மாறினாலும் அந்த நம்பர் மாறாது.

உங்க துறையில, அதாவது மருத்துவமும் உயிரியலும், முதல் பேர் வேலையை முன்ன நின்னு இழுத்துட்டுப் போனவங்களுக்கு, கடைசிப் பேர் குரூப்பை நடத்தறவங்களுக்கு, நடுவுல இருக்கறவங்க மத்தவங்கன்னு எல்லாரும் படிப்பாங்க. அதனாலதான் முதல் இடத்துக்கு இவ்வளவு இழுபறி. போஸ்ட்டாக் முதல்ல இருக்கறது தப்பான்னு கேட்டீங்க. கேள்வியை யோசிச்சது அவரா? எதிக்ஸ் அனுமதிக்கு எழுதினது அவரா? இன்ட்ரோ, டிஸ்கஷன் அவர் எழுதினதா, ரிவ்யூவர் கமென்ட் வந்தா மூணு மாசம் கழிச்சு உக்காந்து பதில் எழுதப் போறது அவரா? இதுக்கெல்லாம் ஆமான்னா முதல் பேர் அவருக்குப் போறதுல அநியாயம் இல்ல, உங்களுக்கு ரெண்டாவது இடம் கேக்கறது பொருத்தம். பாதிக்குப் பாதின்னா ரெண்டு பேரும் சம பங்குன்னு நட்சத்திரக் குறி போடலாம், இப்ப நிறைய ஜர்னல் ஒத்துக்குது, ஆனா சி.வி. படிக்கறவங்க பாதிப் பேர் நட்சத்திரத்தைப் பார்க்கறதில்லங்கறதும் உண்மை.

நடுவுல ஒரு பேர்தானே, இதுக்கா இவ்வளவுன்னு யாராவது உங்ககிட்ட சொல்வாங்க. ஆல்பர்ட் ஷாட்ஸ் கதையைச் சொல்றேன். 1943ல அமெரிக்காவுல ரட்கர்ஸ்ல மாணவரா இருந்தவரு, ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிச்ச வேலையில அவர் கைதான், காசநோயை அடக்கின முதல் ஆன்டிபயாடிக். 1944 பேப்பர்ல முதல் பேர் ஷாட்ஸ், ரெண்டாவது எலிசபெத் பூகி, மூணாவது அவங்க பேராசிரியர் வாக்ஸ்மன். காலப்போக்குல உலகம் முழுக்க வாக்ஸ்மன் பேர் மட்டும்தான் கேட்டுச்சு, ராயல்டியும் அவர் பக்கம் போச்சு. ஷாட்ஸ் 1950ல கேஸ் போட்டாரு, அதே வருஷம் சமரசத்துல அவரும் சேர்ந்து கண்டுபிடிச்சவர்னு ஒத்துக்கிட்டு ராயல்டியில 3 சதவீதம் கொடுத்தாங்க. 1952ல நோபல் வாக்ஸ்மனுக்கு மட்டும்தான் போச்சு. ஆனா அந்த கேஸ்ல அவர் நிமிர்ந்து நிக்க முடிஞ்சதுக்கு காரணம் பேப்பர்லயும் பேட்டன்ட்லயும் அவர் பேர் அச்சுல இருந்தது. பேப்பர்ல இருந்தும் பேட்டன்ட்ல பேர் இல்லாத பூகியை எத்தனை பேருக்குத் தெரியும்? நம்ம கே.எஸ். கிருஷ்ணனை எடுத்துக்கங்க, 1928 மார்ச்ல நேச்சர்ல ராமன் கூட சேர்ந்து போட்ட கடிதத்துல ரெண்டு பேர் பேரும் இருக்கு, 1930 நோபல் ராமனுக்கு மட்டும், இருந்தாலும் இன்னிக்கும் அந்தப் பக்கத்தைத் திறந்தா கிருஷ்ணன் அங்க இருக்காரு. பரிசு யாருக்குப் போகும்ங்கறது நம்ம கையில இல்ல, பதிவு சரியா இருக்கறது நம்ம கையில இருக்கு.

எங்க குரூப்ல இப்ப என்ன பண்றோம்னா, ஸ்டடி தொடங்கற முதல் மீட்டிங்கிலயே ஒரு பக்கம் எழுதிடுவோம். யார் எந்த வேலை, அதுப்படி யார் யார் ஆத்தர், யார் முதல், யார் கடைசி. அதுலயே ரெண்டு வரி கட்டாயம் இருக்கும். வேலை கை மாறினா இந்தப் பக்கத்தைத் திரும்ப எடுத்துப் பேசணும்னு ஒண்ணு. கான்ட்ராக்ட் முடிஞ்சு போனவங்களுக்கு அவங்க சொந்த மெயிலுக்கு டிராஃப்ட் போகணும், ரெண்டு வாரம் டைம் கொடுக்கணும்னு ஒண்ணு. ரெண்டாவது வரியை சேர்த்தது நான்தான். இங்க ஆர்ஏ வேலை கிரான்ட் இருக்கற வரைக்கும்தான், வருஷமோ ரெண்டு வருஷமோ, வெளிநாட்டுக்காரங்கன்னா இங்க தங்கறதுக்கான வொர்க் பாஸும் வேலையோட ஒட்டிக்கிட்டு இருக்கு, பேப்பர் வர்றதோ அவங்க போய் ஒரு வருஷம் கழிச்சு, ஆஸ்பத்திரி மெயில் ஐடியை போன அன்னிக்கே மூடிடறாங்க. வேணும்னே ஒதுக்கினாங்களோ மறந்தாங்களோ, ஆள் எதிர்ல இல்லன்னா பேர் தானா உதிர்ந்துடும். உங்களுக்கு இந்த ஒரு மாசம் இருக்கறது அதனாலதான் முக்கியம், ஜர்னலுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு பேர் சேர்க்கறது ஒரு மெயில்ல முடியும், அனுப்பின பிறகு எல்லா ஆத்தரும் கையெழுத்துப் போடணும், அச்சான பிறகு அது பெரிய போராட்டம்.

எப்படிக் கேக்கறது. பிஐக்கு தனியா ஒரு மெயில், மத்தவங்க யாரையும் காப்பியில போடாதீங்க. "எனக்கு அநியாயம் நடந்துச்சு"ன்னு ஆரம்பிக்காதீங்க, அப்படி ஆரம்பிச்சா அவங்க தன்னைக் காப்பாத்திக்கற வேலையில இறங்கிடுவாங்க. வேலையை வச்சே பேசுங்க. கிரெடிட்னு ஒரு பட்டியல் இருக்கு, 2014ல வந்துச்சு, 2022ல அமெரிக்கத் தர நிர்ணயமாவும் ஆச்சு, ஒரு பேப்பருக்குள்ள நடக்கற வேலையை 14 வகையா பிரிக்குது. யார் ஆத்தர்னு அது தீர்மானிக்காது, யார் என்ன செஞ்சாங்கன்னு சொல்ல பேர் வச்சுக் கொடுக்குது, அதுவே பெரிய உதவி. நீங்க சொன்னபடி பார்த்தா உங்களுக்கு டேட்டா க்யூரேஷன், ஃபார்மல் அனாலிசிஸ், சாஃப்ட்வேர், விஷுவலைசேஷன், ஒரிஜினல் டிராஃப்ட் எழுதினதுல ஒரு பங்கு, அஞ்சு வருது. இங்கிலீஷ்லதான் எழுதுவீங்க, விஷயம் இப்படி இருக்கட்டும்: "டிராஃப்ட்ல ஆத்தர் லிஸ்ட் பார்த்தேன். நான் இந்த அஞ்சு வகையிலயும் வேலை செஞ்சிருக்கேன், குறிப்பா ரத்தம் எடுத்த நேரம் பத்தின பிரச்சனையைக் கண்டுபிடிச்சு அனாலிசிஸ் மாறினது இந்தத் தேதி மீட்டிங் நோட்ஸ்ல இருக்கு. ஐசிஎம்ஜேஈ விதிப்படி நான் ஆத்தரா சேர தகுதி இருக்குன்னு நினைக்கறேன். முழு டிராஃப்ட்டையும் படிச்சு கருத்து சொல்லவும், கடைசி வடிவத்துக்கு சம்மதம் கொடுக்கவும், என் பகுதிக்கு பொறுப்பேத்துக்கவும் தயாரா இருக்கேன். இந்த வாரம் இருபது நிமிஷம் பேச முடியுமா?" கடைசிக்கு முந்தின வாக்கியத்தை விட்டுடாதீங்க. பொறுப்பேத்துக்கறேன்னு எழுத்துல சொன்ன ஆளை, பொறுப்பில்லன்னு காரணம் காட்டி தள்ளறது ரொம்ப கஷ்டம்.

அதுக்கு முன்னாடி கோடோட வெர்ஷன் தேதிகள், அந்த லேபுக்கு போன் பண்ணின பிறகு நீங்க அனுப்பின மெயில், மீட்டிங் நோட்ஸ் எங்கெங்க இருக்குன்னு தேதியோட ஒரு தாள்ல எழுதி வைங்க. நோயாளி டேட்டாவை வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடாதீங்க, ஒரு வரிகூட வேண்டாம், அது வேற பெரிய குத்தம், நியாயம் உங்க பக்கம் இருந்தும் உங்களையே குத்தவாளி ஆக்கிடும்.

பிஐ மறுத்தா? நிறைய பேர் நேரா ஜர்னலுக்கு எழுதப் போவாங்க, அங்க தீர்ப்பு கிடைக்காது, ஜர்னல்களுக்கு வழிகாட்டற கோப் அமைப்பே, யார் சொல்றது சரின்னு ஆசிரியர் விசாரிக்கறது இல்ல, அவங்க நிறுவனம்தான் விசாரிக்கணும்னு சொல்லுது. அதனால உங்க நிறுவனத்துல ஆராய்ச்சி நேர்மைக்குன்னு ஒரு அதிகாரியோ ஆபீஸோ இருந்தா அங்க போங்க, முதல்ல ஆலோசனை மட்டும் கேக்கலாம், புகாரா கொடுக்கணும்னு கட்டாயம் இல்ல. போறப்ப ஒண்ணை எடுத்துட்டுப் போங்க. 2010 ஜூலைல ஆராய்ச்சி நேர்மைக்கான ரெண்டாவது உலக மாநாடு நம்ம ஊர்லதான் நடந்துச்சு, அங்கேர்ந்து வந்த அறிக்கைக்கு சிங்கப்பூர் பிரகடனம்னே பேர், 14 பொறுப்புகள் இருக்கு. ஆறாவது ஆத்தர்ஷிப் பத்தி: தகுதி உள்ள எல்லாரும் லிஸ்ட்ல இருக்கணும், தகுதி உள்ளவங்க மட்டும்தான் இருக்கணும். உங்க பேரும் அந்த ஹெட் பேரும் ஒரே வரியில அடங்கிடுச்சு பாருங்க. இந்த ஊர் பேரைத் தாங்கின அறிக்கையை இந்த ஊர் ஆபீஸ்ல மேஜைமேல வைக்கறப்ப அதுக்குத் தனி கனம் இருக்கு.

பயமா இருக்குன்னு எழுதியிருந்தீங்க, ரெஃபரன்ஸ் லெட்டர் இவங்ககிட்டதானே வாங்கணும்னு. அந்தப் பயம் நியாயமானது, அதை சும்மா தைரியமா இருங்கன்னு சொல்லி ஒதுக்க மாட்டேன். அதனாலதான் மெயிலை அந்த அளவுக்கு அமைதியா எழுதச் சொன்னேன், இருபது நிமிஷம் பேசக் கேக்கச் சொன்னேன். நான் பார்த்த வரைக்கும் பாதி பிஐக்கள் கெட்ட எண்ணத்துல பண்றதில்ல, அவங்க மேல இருந்தவங்க பண்ணினதையே பண்றாங்க, யாராவது விதியைக் கையில கொடுத்து மரியாதையா கேட்டா "அட, ஆமா"ன்னு பேரை சேர்த்துடறாங்க. மீதிப் பாதி சேர்க்க மாட்டாங்க. எந்தப் பாதின்னு கேட்டாத்தான் தெரியும். லெட்டருக்கு போஸ்ட்டாக்கையும் இந்தியா ஆஸ்பத்திரியில உங்க ஸ்டடியோட சேர்ந்து வேலை செஞ்ச டாக்டரையும்கூட கேக்கலாம், நேரம் பத்தின பிரச்சனையை நீங்க கண்டுபிடிச்சது அவங்களுக்கு நேரடியா தெரியும்.

வெள்ளிக்கிழமை உங்க குரூப் மீட்டிங்குன்னு சொன்னீங்க. மெயில் புதன்கிழமைக்குள்ள போகட்டும், அதுல உங்க சொந்த மெயில் ஐடியையும் எழுதுங்க. அனுப்பறதுக்கு முன்னாடி எனக்கு ஒருதடவை காட்டுங்க, வாக்கியம் எங்கயாவது கோபமா இருந்தா சொல்றேன்.